முடைந்த சுவர்

(பினாங்கில் ஓர் ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் பினாங்கில் கோட்டை இருக்கிறது, மாளிகைகள் இருக்கின்றன, தெருவுக்குத் தெரு கோவில் இருக்கிறது. அரண்மனை மட்டும் கிடையாது. இங்கே சுல்தான் இல்லை, ஆளுநர்தான். அதனால் அரண்மனை பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் தீவை விட்டுப் பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தைப்பிங் கடந்து கோலகங்சாருக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்த ஊரைப் பற்றியும், அங்கே இருக்கும் ஓர் அரண்மனையைப் பற்றியும், அதன் சுவரில் என் அத்தை என்ன பார்த்தார் என்பதைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

கோலகங்சார் பேராக் மாநிலத்தின் அரச நகரம். சின்ன ஊர். பேராக் ஆறு அதை ஒட்டி ஓடுகிறது. 1897ஆம் ஆண்டு மலாய் ஆட்சியாளர்கள் முதன்முதலாக ஒன்றுகூடிய மாநாடு நடந்தது இந்த ஊரில்தான். தங்கக் குவிமாடத்தோடு நிற்கும் உபுடியா பள்ளிவாசலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு யானைகள் சண்டை போட்டுக்கொண்டு, இத்தாலியிலிருந்து வந்திருந்த சலவைக்கல்லை மிதித்து உடைத்துவிட்டன. வேறு கல் வரவழைக்க வேண்டியதாயிற்று. 1917இல்தான் வேலை முடிந்தது. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னால் போதும், பள்ளிவாசலை ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

நான் சொல்லவந்த அரண்மனை அதற்கு அருகில் இருக்கிறது. பெயர் இஸ்தானா கெனாங்கான். கெனாங்கான் என்றால் நினைவு. இஸ்தானா என்ற சொல் வடமொழி ஆஸ்தானத்திலிருந்து மலாய்க்குப் போனது. ஆஸ்தானப் புலவர் என்கிறோமே, அந்த ஆஸ்தானம்தான். ஆக, நினைவு ஆஸ்தானம். சொல்லிப் பாருங்கள், நம் வாயிலும் இயல்பாகவே வருகிறது.

அரண்மனை என்றதும் கல்லும் சுண்ணாம்பும், வானத்தைத் தொடும் தூண்களும் மனதில் வரும். இது அப்படியில்லை. மரத்தாலும் மூங்கிலாலும் ஆன இரண்டு மாடி வீடு. 1926இல் சுல்தான் இஸ்கந்தர் ஷா காலத்தில் கட்டப்பட்டது. வரைபடம் எதுவும் போடாமல், இரும்பு ஆணி ஒன்றுகூட அடிக்காமல் கட்டினார்கள். கட்டைக்குக் கட்டை துளையிட்டுச் செருகி, மர முளையால் இறுக்கியிருக்கிறார்கள். மொத்த வடிவமும் உறைக்குள் இருக்கும் வாளைப் போன்றது என்பார்கள். கட்டிய தச்சர் யார் தெரியுமா? செப்பியான் என்பவர், அவரோடு அவருடைய இரண்டு மகன்கள் சைனால் அபிடினும் இஸ்மாயிலும். செப்பியானுக்கு எந்த ஊர்? நம் புக்கிட் மெர்தாஜாம்! அரண்மனை இல்லாத பினாங்கிலிருந்து போன ஒரு தகப்பனும் பிள்ளைகளும்தான் பேராக்குக்கு அரண்மனை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இதை எந்தப் பிள்ளையிடம் சொன்னாலும் ஒரு கணம் முதுகு நிமிர்கிறது. எனக்கும் நிமிர்கிறது.

பெரிய அரண்மனையான இஸ்தானா இஸ்கந்தரியா எழும்பிக்கொண்டிருந்த 1931 முதல் 1933 வரை அரச குடும்பம் இந்த மூங்கில் வீட்டில்தான் தங்கியிருந்தது. புதிய அரண்மனைக்குக் குடிபோன பிறகு இது விருந்தினர் தங்கவும் அரச நிகழ்ச்சிகளுக்கும் பயன்பட்டது. 1986இல் இதைப் பேராக் அரச அருங்காட்சியகமாக மாற்றினார்கள். நான் முதலில் பிள்ளைகளோடு உள்ளே போனது தொண்ணூறுகளில். பழைய படங்கள், அரச வம்சாவளி, பரிசுப் பொருள்கள் என்று அறை அறையாக இருந்தன. காலடியில் பலகைத் தரை கிறீச்சிடும். பிள்ளைகள் வேண்டுமென்றே மிதித்து மிதித்துப் பார்ப்பார்கள். பின்னர் சீரமைப்பு வேலைக்காக நெடுநாள் மூடிக் கிடந்தது. மரமும் மூங்கிலும் நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் இன்னொரு பழைய அரண்மனையும் இருக்கிறது, இஸ்தானா ஹூலு. அது வெள்ளை வெளேரென்று ஆங்கிலேயர் கால மாளிகை போல இருக்கும். ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியாக இயங்கியது. அதைப் புதுப்பித்து 2003இல் சுல்தான் அஸ்லான் ஷா காட்சியகமாகத் திறந்தார்கள். நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்து, பிறகு பேராக் சுல்தானாகி, மலேசியாவின் மாமன்னராகவும் ஆனவர் அவர். ஹாக்கிப் பிரியர்கள் அவர் பெயரில் நடக்கும் கிண்ணப் போட்டியை அறிவீர்கள். பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் என் மனம் நிற்பதென்னவோ மூங்கில் வீட்டில்தான்.

அத்தை கதைக்கு வருகிறேன்.

என் அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். கோலகங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம்தான். ஆனாலும் வாழ்நாளில் அந்த அரண்மனையை அவர் பார்த்ததில்லை. "நம்மள எதுக்கு தம்பி அங்க விடப்போறாங்க" என்றே இருந்துவிட்டார். போன வருடம் ஒரு சனிக்கிழமை வற்புறுத்திக் காரில் அழைத்துப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே போகும் நேரம் இல்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. அத்தை கவலையே படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து சுவரை நோக்கிப் போய்விட்டார்.

அந்தச் சுவரைச் சொல்ல வேண்டும். மூங்கிலைத் தப்பை தப்பையாகப் பிளந்து, பாய் முடைவது போல் முடைந்த தட்டிச் சுவர் அது. மஞ்சள், கறுப்பு, வெள்ளை என மூன்று நிறங்களில் வைரக்கட்டம் வைரக்கட்டமாக ஓடும். பேராக் கொடியில் இருப்பதும் இதே மூன்று நிறம்தான். வெள்ளை சுல்தானுக்கு, மஞ்சள் இளவரசரான ராஜா மூடாவுக்கு, கறுப்பு அவருக்கு அடுத்த ராஜா டி ஹிலிருக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தூரிகையால் தீட்டியது போல இருக்கும். கிட்டே போனால்தான் ஒவ்வொரு தப்பையும் மேலே ஏறிக் கீழே இறங்கிப் போவது தெரியும்.

அத்தை கிட்டே போனார். விரலால் தொடவில்லை. ஒரு சாண் தள்ளி விரலை வைத்துக்கொண்டு, காற்றிலேயே ஒரு தப்பையைப் பின்தொடர்ந்தார். இரண்டு மேலே, இரண்டு கீழே, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி. வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, "இங்க பாரு தம்பி, இந்தத் தப்பை புதுசு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெட்டின வாகு வேற. இவன் கத்தியை உள்ளுக்குச் சாச்சுப் பிடிச்சிருக்கான்" என்றார்.

எப்படித் தெரியும் அத்தை என்று கேட்டேன். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, தோட்டத்தில் மாட்டுக்கொட்டாய்க்கும் கோவில் பந்தலுக்கும் தட்டி முடைபவராம். ஏழு எட்டு வயதில் அத்தைதான் தப்பை எடுத்துக் கொடுப்பாராம். நான் அறுபது வருடமாக அவர் மருமகன். இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த வாத்தியார் நான். என் தாத்தாவின் கைத்தொழில் என்னவென்று ஓர் அரண்மனைச் சுவர் முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

நண்பர்களே, மூங்கில் சுவரைச் சீரமைப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். கல் கட்டடத்தில் பழைய கல் பழைய கல்லாகவே இருக்கும். மூங்கில் உளுத்துப் போகும். உளுத்த தப்பையை உருவி எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். அதற்கு அந்த முடைச்சல் தெரிந்த கை வேண்டும். கடையில் விற்கும் பசையோ சிமெண்டோ அதற்கு உதவாது. பேராக்கில் அந்தக் கை இன்னும் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சுவர் நிற்கிறது. மலாய் மக்கள் அந்தக் கைப்பழக்கத்தை மகனுக்கு மகன் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதை நான் தலைவணங்கிப் பாராட்டுகிறேன். கூடவே என் மனதில் ஒரு வலியும் எழுந்தது. மறைக்க விரும்பவில்லை.

அத்தை பிறந்த தோட்டம் இன்றில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டாய், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடல், கணக்கரான கிராணியின் வீடு எல்லாம் போய், அந்த நிலம் முழுக்க எண்ணெய் தரும் செம்பனை. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொல்லி இனி ஆகப்போவதில்லை. ஒரு லயத்தையாவது, ஒரே ஒரு கதவையாவது விட்டுவைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வீடு மாறிப் போகும் அவசரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகளையும், அந்தப் பாலைச் சுமக்கும் காண்டா வாளியையும் நாமே குப்பையில் போட்டோம்.

அரண்மனை எழுந்த 1926ஐ இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் உலகச் சந்தையில் ரப்பர் விலை எகிறியது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலம் அது. தோட்டங்கள் நிரம்பி வழிந்தன, கங்காணிகள் ஊருக்கு ஊர் போய் ஆள் கூட்டி வந்தார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இதே பினாங்குத் துறையில் வந்து இறங்கியது அந்த அலையில்தான். பிறகு விலை விழுந்தது. 1930இலிருந்து வேலை இல்லையென்று ஆயிரமாயிரம் பேரைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. சுல்தான் குடும்பம் அந்த மூங்கில் வீட்டில் தங்கியிருந்ததும் ஏறக்குறைய அதே வருடங்களில்தான். ஒன்றை வைத்து மற்றதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அரண்மனைக்குள் மாட்டியிருக்கும் ஆண்டுகளைப் படிக்கும்போது, நம் வீட்டில் அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதிப் படியுங்கள். அப்போது அந்த அருங்காட்சியகம் நமக்கும் பேசும்.

அரண்மனையிலிருந்து காரில் சில நிமிடம் போனால் மாவட்ட அலுவலகம். அதன் அருகில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. பிரேசில் காட்டிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அந்தக் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் எஞ்சியது இந்த மரம் என்கிறார்கள். நம் எல்லோருடைய பயணச்சீட்டும் அங்கே வேர்விட்டு நிற்கிறது!

அத்தை அந்த மரத்தடியில் நிமிர்ந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கும்பிடுவாரோ என்று நினைத்தேன். இல்லை. அடிமரத்தைச் சுற்றி வந்தார். "எந்தக் கை வெட்டியிருக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்மரத்தில் கத்தி பட்டால் காயம். காயம் விழுந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை வெட்ட முடியாது, கங்காணியின் ஏச்சு வேறு. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரை, அதாவது ஒரு மரவரிசை, முடித்து அடுத்த நிரைக்கு ஓட வேண்டும். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் அந்த முறையைச் சிங்கப்பூர்த் தோட்டத்தில் ரிட்லி என்பவர் ஆராய்ந்து சொன்னார் என்று புத்தகத்தில் இருக்கிறது. உண்மைதான். அதை மில்லியன் மரங்களில் காயம் படாமல் செய்துகாட்டியது நம் அத்தைகளும் பாட்டிகளும். அந்தக் கைப்பழக்கத்தை யார் எழுதிவைத்தார்கள்?

அன்று இரவே ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் வாங்கி எழுத ஆரம்பித்தேன். மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு, தண்டல் என்று தோட்டத்துச் சொற்களைச் சொல் சொல்லாக, அத்தை எப்படிச் சொன்னாரோ அப்படியே. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. அதனால்தான் கேட்கிறேன், கோலகங்சாருக்குப் போகும்போது குழந்தைகளை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். வீட்டில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கைபிடித்துக் காரில் ஏற்றுங்கள். சுவர் முன்னால் நிறுத்துங்கள். மரத்தடியில் நிறுத்துங்கள். அவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் எழுதட்டும்.

அத்தை தட்டி முடையக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளியில் படித்த பழைய மாணவிகள் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூங்கில் தேடியபோது புக்கிட் மெர்தாஜாமில் ஒரு நண்பர் தன் தோட்டத்திலிருந்து வெட்டித் தருகிறேன் என்றார். செப்பியானின் ஊர் மூங்கில் என்றதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் நேற்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, தேய்பிறையில வெட்டச் சொல்லு. வளர்பிறையில வெட்டினதக் கொண்டாந்தா நான் தொடமாட்டேன், உளுத்துப் போயிரும்." நாட்காட்டியைப் பார்த்துவிட்டேன். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.