ஐப்பசித் தவணை

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சி உறையூரில், மாதாமாதம் தவணை கட்டிச் சேமிக்கும் அஞ்சலக ஆர்.டி. திட்டத்தின் ஏஜெண்டாக 22 வருடம் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கியவள் நான். பண்டிகைக் காலச் சிக்கனத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். தீபாவளி நேரத்தில் சிக்கனம் பேச வருகிறவரை யாருக்குப் பிடிக்கும்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் அதிரசம் உண்டு, புதுத்துணி உண்டு, பேத்திக்கு மத்தாப்பு உண்டு. எதையும் நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை.

என் தொழிலில் நான் கண்ட ஒரு வேடிக்கையிலிருந்து தொடங்குகிறேன். 15-ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டிய கணக்குகள்தான் என்னிடம் அதிகம். பள்ளிக்கூடச் செலவு கழுத்தை நெரிக்கும் வைகாசி, ஆனியில்கூட முக்கி முனகிக் கட்டிவிடுவார்கள். தவறுவது ஐப்பசியில்தான். கார்த்திகை பிறந்ததும், நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதத்தோடு இரண்டு மாதத் தவணையையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள். ஐப்பசிதான் போனஸ் வரும் மாதம். கையில் அதிகப் பணம் இருக்கும் மாதத்தில்தான் நூறு ரூபாய் இல்லாமல் போகிறது!

என்னிடம் கணக்கு வைத்திருந்தவர்களில் ஒருவர் துவாக்குடிப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அப்போது நடப்பில் இருந்த 1965-ஆம் வருடப் போனஸ் சட்டத்தின் குறைந்தபட்சக் கணக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அவர் பட்டறையில் அதைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால்தான் கொடுப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு துணி எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போவார். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனவர்களுக்குத் தெரியும், நாம் நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். துணியைப் பிரித்துப் பார்க்க இடமிருக்காது. சின்னவன் அழுவான். விலை ஏதோ ஒன்று, எடுத்தால் போதும் என்று வெளியே வந்து, ஆளுக்கொரு பிரியாணி சாப்பிட்டு, பஸ்ஸில் ஏற முடியாமல் ஆட்டோ பிடித்து வீடு சேருவார். போனஸில் முக்கால்வாசி அன்றைக்கே தீர்ந்துவிடும்.

பணமும் செலவும் ஒரே வாரத்தில் வருவதுதான் கோளாறு. இரண்டையும் பிரித்துவிட வேண்டும். இந்த வருடப் போனஸ் அடுத்த வருடத் தீபாவளிக்கு என்று நான் அவரிடம் சொன்னபோது, "அப்போ இந்த வருஷத்துக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் வருடம் போனஸில் கால் பங்கை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். அடுத்த வருடம் பாதி. நாலாவது வருடம், தீபாவளிச் செலவு முழுவதும் முன் வருடப் பணத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு வேட்டி, சேலையெல்லாம் ஆடியிலேயே எடுத்துவிடுவார். அல்லது கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி தொடங்கியதும், கூட்டம் சேருவதற்குள் போய்விடுவார். பிள்ளைகளுக்கு மட்டும் ஆடியில் எடுக்காதீர்கள், ஐப்பசிக்குள் வளர்ந்துவிடும். ரவிக்கை, சட்டைத் துணியையும் நவராத்திரிக்கு முன்பே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் போனால், "தீபாவளி ஆர்டர் முடிந்தது" என்ற அட்டையைத்தான் பார்க்கலாம்.

சரி, பலகாரச் சீட்டுக்கு வருகிறேன். வாரம் நூறு ரூபாய் வீதம் 52 வாரம் கட்டினால் 5,200 ரூபாய். தீபாவளிக்கு முன்னால் சர்க்கரை, மைதா, ரவை, எண்ணெய், பருப்பு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், ஒரு பட்டாசுப் பெட்டி, சில இடங்களில் வெள்ளிக் காசு. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நமக்கு நாமே வாரம் நூறு எடுத்து வைக்க மாட்டோம், வாசலில் ஒருவர் வந்து நின்றால் கொடுத்துவிடுவோம். என் பிழைப்பும் அப்படி வாசலில் நின்று நடந்ததுதானே!

ஆனால் நான் ஏமாந்ததும் அதே வாசலில்தான். வாரம் ஐம்பது ரூபாயாக வருடம் முழுவதும் ஒரு சீட்டில் கட்டினேன். ஊருக்கெல்லாம் சேமிப்பு சொல்கிறவள், அக்கம்பக்கத்தார் சேர்ந்தார்களே என்று நானும் சேர்ந்தேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சீட்டுக்காரர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. 2,600 ரூபாய் போயிற்று. பணத்தைவிட, என்னைப் பார்த்துச் சேர்ந்த இரண்டு பேருக்குப் பதில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. ஏலச் சீட்டுக்காவது 1982-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, பதிவு எண் கேட்கலாம். பலகாரச் சீட்டில் பெரும்பாலும் ஒரு நோட்டும் ஒரு நோட்டீஸும்தான். போன பிறகு பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் அந்தத் தீபாவளிக்குச் சர்க்கரை வராது.

பிற்பாடு வேறொரு சீட்டின் நோட்டீஸை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டில் மொத்தக் கடை ஒன்றில் விலை கேட்டேன். மளிகைச் சாமான் எல்லாம் சேர்ந்து, கட்டுகிற பணத்தில் பாதியைத் தாண்டவில்லை. மீதி பாத்திரத்திலும் பட்டாசிலும் இருந்தது. எனக்கு ஆறாவது சாம்பார் வாளி எதற்கு? அதிலிருந்து எங்கள் மகளிர் குழுவில் நாங்களே சேர்த்தோம். பணம் குழுவின் வங்கிக் கணக்கில் இருக்கும், எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். புரட்டாசிக் கடைசியில் இரண்டு பேர் போய் ஒரு மூட்டை சர்க்கரையும் எண்ணெய் டின்களும் வாங்கி வந்து பங்கு பிரிப்போம். பாக்கெட் எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். பாக்கெட்டில் 850 கிராம், 800 கிராம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அது லிட்டர் இல்லை, பார்வைக்கு மட்டும்தான் லிட்டர்.

ஆர்.டி. ஏஜெண்டைக் கூப்பிட்டால் ஆர்.டி. பற்றிப் பேசாமல் போவாளா? அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத் திட்டம், தீபாவளிக்கு எப்படி உதவும் என்பார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் நூறு ரூபாய்க்குப் புதிதாக ஒரு கணக்குத் தொடங்குங்கள். 6.7 சதவீத வட்டியில் ஒரு கணக்கு முடியும்போது 7,136 ரூபாய் வரும், கட்டியது 6,000. ஐந்து வருடம் பொறுத்தால், அதற்குப் பிறகு வருடம் தவறாமல் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு கணக்கு முதிரும். மாதத் தவணை 500-ஐத் தாண்டாது. இப்படிச் செய்கிற பூக்காரம்மா ஒருவர் உறையூரில் இருக்கிறார். தவணை அட்டையை வெற்றிலைப் பையில்தான் வைத்திருப்பார், சுண்ணாம்புக் கறை இல்லாத பக்கமே கிடையாது. எதிர்ப்பக்கக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், அது நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம்.

பலகாரத்தை நாங்கள் மூன்று வீடு சேர்ந்து செய்கிறோம். ஒரு வீட்டு அடுப்பு, ஒரு வீட்டு அச்சு, எண்ணெய் பொது. தேன்குழலுக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மாவைப் புரட்டாசி வெயிலிலேயே அரைத்து வைத்துக்கொள்வோம், ஐப்பசி அடைமழையில் அரிசி காயாது. முதலில் தேன்குழல், கடைசியில் அதிரசம். வெல்லம் எண்ணெயைக் கருக்கிவிடும், அதை முதலில் சுட்டால் எண்ணெயே வீண். மூன்று வீட்டில் ஒன்று கிறிஸ்தவர் வீடு. மார்கழியில் அதே அடுப்பு, அதே அச்சு, அவர்கள் வீட்டு முறை.

பட்டாசுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்றது. நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்துக்குள் எவ்வளவு வெடிக்க முடியுமோ அவ்வளவு வாங்கினால் போதும். ஆன்லைனில் பாதி விலை என்று வரும் விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கும் அதே உத்தரவில் தடை உண்டு.

கடைசியாக என் தீபாவளி நோட்டு. பண்டிகைக்கு முன்னால் எல்லாரும் பட்டியல் போடுவார்கள். நான் பண்டிகை முடிந்த மறுநாள் எழுதுவேன், அப்போதுதான் உண்மை தெரியும். போன வருடப் பக்கத்தை அப்படியே படிக்கிறேன்:

"தேன்குழல் இரண்டு டப்பா மிச்சம், அடுத்த வருடம் அரைப்படி குறைக்கணும். புஸ்வாணம் நமுத்துவிட்டது, பரண்மேல் வைக்கக் கூடாது. பேத்தி புதுச்சட்டையைக் கழற்றிவிட்டுப் பழைய பாவாடையில்தான் விளையாடினாள். நாம் மேலத்தெருவுக்குக் கொடுத்த கடை மிக்சர் பெட்டி, மூன்று வீடு சுற்றி நமக்கே வந்துவிட்டது. பிரிக்கவே இல்லை."

நன்றி, வணக்கம்.