பிறந்த தேதியில் தொடங்கும் வம்பு

(தருமபுரியில் இலக்கிய வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

எழுத்தாளர்களின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அந்த வேலைக்கென்று யாரும் மாதச் சம்பளம் கொடுப்பதில்லை. அதனால் கல்லூரியில் பாடம் நடத்துவார், அல்லது பத்திரிகையில் இருப்பார். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் இருந்தார், பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். ஏடு தேடியவர் என்றே அவரைப் புகழ்கிறோம். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 34இல் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தவர் என்பது மேடைகளில் அவ்வளவாக வருவதில்லை. பிள்ளையவர்கள் மறைந்தது 1876இல். இடையில் ஐம்பத்தேழு ஆண்டு! பின்னர் 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சொந்தக் கதையைத் தொடராக எழுதினார். வாத்தியார், சரித்திரக்காரர், பத்திரிகைத் தொடர் எழுதியவர் எல்லாம் ஒரே ஆள்.

பிள்ளையவர்களின் தேதிகளையே பாருங்கள். பிறந்தது பவ வருஷம் பங்குனி. மறைந்தது யுவ வருஷம் தை. தமிழ் ஆண்டுப் பெயர்களுக்கு ஆங்கில ஆண்டு காட்டும் அட்டவணையில் பவ என்பதற்கு நேரே 1814, யுவ என்பதற்கு நேரே 1875 இருக்கும். அப்படியே எடுத்துப் போட்டால் இரண்டும் தப்பு. தமிழ் ஆண்டு சித்திரையில்தான் மாறுகிறது. மார்கழிப் பாதிக்கு மேல் பங்குனி முடிய எல்லாம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். சரியான தேதிகள் 6-4-1815, 1-2-1876. நிலப் பத்திரங்களில் வரும் பசலிக்கும், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டுக்கும், இதே சிக்கல் உண்டு. ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் பசலி எண்ணோடு ஜூலை முதல் டிசம்பர் வரை 590 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஜூன் வரை 591.

பாரதியார் காலமானது செப்டம்பர் 11ஆ, 12ஆ என்று இன்னும் சண்டை போடுகிறோம். 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. வீட்டாருக்குப் பொழுது விடிகிற வரை அது முந்தின நாள், கடிகாரத்துக்கு 12. இரண்டையும் எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

நம்மூருக்கு வருவோம். பாப்பாரப்பட்டியில் 23-7-1925 அன்று காலமான விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் வரலாற்றை எழுத உட்காருகிறவர், தருமபுரி மாவட்டம் என்று கேட்டால் ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டு எதுவும் வெளியே வராது. அப்போது இது சேலம் ஜில்லா. தருமபுரி மாவட்டம் உண்டானது 2-10-1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 9-2-2004இல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் பழைய காகிதத்தில் சேலம் ஜில்லா, ஓசூர் தாலுகாதான்.

சிவாவின் தண்டனைக் காலம் ஒரு நூலில் பத்தாண்டு, இன்னொன்றில் ஆறு, வேறொன்றில் நாலரை என்று இருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. 1908இல் திருநெல்வேலி செஷன்ஸ் தீர்ப்பு பத்து; உயர் நீதிமன்றம் அதை ஆறாகக் குறைத்தது; அவர் வெளியே வந்தது 1912 நவம்பரில். எந்தத் தாளைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

அவர் நடத்திய 'ஞானபாநு' போன்ற பழைய இதழ்களைப் புரட்டும்போது கட்டுரையோடு நிற்காதீர்கள். சந்தா அறிவிப்பு, விளம்பரம், பின்னட்டை எல்லாவற்றையும் படமெடுங்கள். ஆபீஸ் முகவரி மாறிய மாதம் அங்கேதான் தெரியும். பைண்டிங்குக்குப் போன தொகுதி என்றால் அட்டைகளைக் கிழித்துவிட்டுத்தான் தைத்திருப்பார்கள். பைண்டு செய்யாத உதிரிப் பிரதி கிடைத்தால் அதுதான் புதையல். ஜெராக்ஸ் மெஷினில் வைத்து அழுத்தினால் முதுகு உடையும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துச் செல்போனில் எடுத்தாலே போதும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் பசை பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும்.

கடிதம் கிடைத்தால் உறையையும் கேளுங்கள். உள்ளே வெறுமனே "செவ்வாய்க்கிழமை" என்றுதான் எழுதியிருப்பார். ஊரும் தேதியும் தபால் முத்திரையில் இருக்கும். ஸ்டாம்பு சேர்க்கிற பேரப்பிள்ளை யாராவது அந்த மூலையைக் கத்தரித்துக்கொண்டு போயிருந்தால் முத்திரையும் போச்சு.

முதியவர்களிடம் "எந்த வருஷங்க ஐயா?" என்று கேட்காதீர்கள். நம்மைத் திருப்திப்படுத்த ஒரு வருஷம் சொல்லிவிடுவார்கள். "கிருஷ்ணகிரி அணை கட்டியாச்சுங்களா அப்போ? தெருவுக்குக் கரண்ட் வந்துட்டுதா?" என்று கேளுங்கள். பள்ளிச் சான்றிதழையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ஜூன் மாதத்துப் பிறந்த நாள் என்றால் பாதிக்குப் பாதி அட்மிஷனுக்காக வாத்தியார் போட்டதாக இருக்கும்.

பேராசிரியருக்கும் பத்திரிகையாளருக்கும் ஆளுக்கொரு நோய் உண்டு. முன்னவர் 'வாழ்வும் பணியும்' என்று அத்தியாயம் பிரித்து, ஆளைப் பெட்டிக்குள் அடைத்துவிடுவார். பின்னவர் பிறந்தநாள் சிறப்புக் கட்டுரைக்குப் போன வருஷக் கட்டுரையையே மூலமாக வைத்துக்கொள்வார். தப்பு பத்து முறை அச்சானால் அதற்கே மரியாதை வந்துவிடுகிறது. இதில் பத்திரிகைக்காரரின் நோய்தான் சீக்கிரம் பரவும் என்பது என் கட்சி.

அச்சுக்குப் போகுமுன் ஒன்று. கடிதம் யார் பீரோவில் இருக்கிறதோ அவருக்குக் காகிதம்தான் சொந்தம். பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும். வாழ்நாளில் அச்சான படைப்புக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை. அவர் மறைவுக்குப் பிறகு முதன்முதலாக அச்சேறும் கடிதத்துக்கு அந்த 60, அச்சான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ணப்படும். ஆகவே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாரிசுகள் நாலு பேர் என்றால் நாலு கையெழுத்தும் வேண்டும்.