கான் தோண்டுறதுக்கும் காசு ஒதுக்குங்க

எல்லாருக்கும் வணக்கம். இந்த மண்டபத்துக்கு வரேக்க கன பேர் வெள்ளவத்தை கால்வாய்ப் பாலத்தத் தாண்டித்தான் வந்திருப்பீங்க, ஒருக்கா எட்டிப் பாத்தீங்களா? களனி ஆறு ஏறினா, ஆத்துத் தண்ணி கொழும்புக்குள்ள வராம இருக்க வடக்குப் பக்கம் நோர்த் லொக் கதவ மூடிருவாங்க, பிறகு ஊருக்குள்ள பெஞ்ச மழை கடலுக்குப் போக இருக்கிற வழில இந்தக் கால்வாயும் ஒண்டு. அது கடல்ல சேர்ற வாய்ல கடல் மண்ணக் கொண்டுவந்து மேடு போட்டுடும். பெக்கோ மெஷின் வந்து வெட்டி விடணும், திருப்பித் திருப்பி வெட்டணும், ஒருதரம் வெட்டிட்டு போட்டோ எடுத்துட்டுப் போற வேலை இல்ல இது.

திட்டம் இல்லாத ஊரா நாங்க? 2010 நவம்பர்ல பாராளுமன்றத்துக்குள்ளயே வெள்ளம் வந்துச்சு, 2012ல உலக வங்கிக் கடன்ல பெரிய திட்டம் தொடங்கி கால்வாய்கள அகலமாக்கினாங்க, பெத்தகான சதுப்பு நிலத்தப் பூங்காவாக்கினாங்க, 2018ல ஈரநிலங்களப் பாதுகாக்கிற ராம்சர் உடன்படிக்கைல கொழும்புக்கு ஈரநில நகரம்னு பேரும் கிடைச்சுது. நல்ல வேலைதான், நான் மறுக்கல. ஆனா கட்டுறதுக்குக் கடன் தர ஆள் இருக்கு, கட்டினதப் பராமரிக்க வருசா வருசம் காசு வைக்க ஆள் இல்ல. கால்வாய் ஒரு கூட்டுத்தாபனத்துக்கு, ரோட்டுத் தண்ணி ஓடுற கான் மாநகர சபைக்கு, ஆறு நீர்ப்பாசனத்துக்கு. கான் அடைச்சா சனம் யார்ட்ட போறது?

களனி ஆத்துக்குக் கிட்ட வெல்லம்பிட்டில எனக்கு ஒரு மாமி இருக்கிறா. 2016 மே மாசம் அவட வீட்டுக்குள்ள தண்ணி ஜன்னல் வரைக்கும் வந்துச்சு, அந்தப் பழுப்புக் கோடு பெயின்ட் அடிச்சும் இன்னும் தெரியுது. அப்ப போனுக்கு வந்த மெசேஜ் சிங்களத்துல, தமிழ்ல வரேக்க மாமி கட்டிலுக்கு மேல கட்டில் அடுக்கிட்டு நிண்டவ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல்ல.

ரேடியோல களனி ஆத்துத் தண்ணி மட்டம் நாகலகம் வீதி அளவுகோல்ல இத்தன அடி எண்டு சொல்லுவாங்க. அங்க 5 அடி தாண்டினா சிறு வெள்ளம், 7 அடி தாண்டினா பெரு வெள்ளம். சரி, 7 அடி எண்டா மாமிட படிக்கு வருமா, ஜன்னலுக்கு வருமா? அத யாரும் அவவுக்குச் சொல்லல்ல. ஒவ்வொரு லேன்லயும் ஒரு லைட் போஸ்ட்ல கோடு போட்டு, நாகலகத்துல இவ்வளவு எண்டா இங்க இவ்வளவு எண்டு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி வைங்க. பெயின்ட் ஒரு டின் போதும். எந்த உயரத்துல போடுறதுன்னு கேக்க கிராம சேவகரோட வீடு வீடாப் போங்க, மாமி தன்ட கோட்டக் காட்டுவா.