ஆதிச் சபையை வளர்த்தது பந்தியே!

நடுவர் ஐயா அவர்களே, பிரசங்கம், பிரசங்கம் என்று பேசியே தொண்டை வறண்டுபோயிருக்கும் எதிரணிப் பெரியோர்களே, நாளைய சபை விருந்தாகிய அசனத்துக்கு இன்றைக்கே வெங்காயம் உரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆதிக் கிறிஸ்தவ சபை வளரப் பெரிதும் காரணம் பிரசங்கமா, பந்தியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்ததும் நேராக, சீஷர்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் போய்விட்டார். பேதுரு ஒரே ஒரு பிரசங்கம் செய்தார், மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள், தீர்ப்பை எழுதிவிடுங்கள் என்று உங்களிடமே சொன்னார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணன் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை 41-ஆம் வசனத்தோடு மூடிவிட்டார். 42-ஐ நான் வாசிக்கிறேன். சேர்ந்தவர்கள் எதில் உறுதியாக நின்றார்களாம்? அப்போஸ்தலருடைய உபதேசத்தில். சரி, அது உங்கள் பங்கு, எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஐக்கியத்தில், அப்பம் பிட்குதலில், ஜெபத்தில். இன்னும் நாலு வசனம் தள்ளிப் போனால், வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு சாப்பிட்டார்கள் என்று வருகிறது. அன்றைக்குக் கூட்டம் சேர்த்தது பேதுருதான். மறுநாளும் அவர்களை வரவைத்தது யார்? அந்த வீடுகளில் அடுப்பு மூட்டியவர்கள்.

எனக்குப் பிடித்த இடம் ஆறாம் அதிகாரம். சபையின் முதல் பெரிய சச்சரவு அங்கேதான் வருகிறது. கடவுள் மூன்றா, ஒன்றா என்ற சச்சரவா? அதெல்லாம் பின்னால் வந்தது, ஐயா. இது சாப்பாட்டுச் சண்டை! கிரேக்கு பேசும் யூதர்கள், ‘எங்கள் விதவைகளை அன்றாட விசாரணையில் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள்’ என்று எபிரெயர்மேல் முறுமுறுத்தார்கள். நம் வேதாகமத்தில் அந்த வேலைக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது: பந்திவிசாரணை. யார் இலையில் குழம்பு விழவில்லை என்று பார்த்து ஊற்றுகிற வேலை. அப்போஸ்தலர்கள் என்ன சொன்னார்கள்? ‘நாங்கள் வசனத்தை விட்டுவிட்டுப் பந்திவிசாரணை செய்வது தகுதியல்ல.’ எதிரணி அக்கா இந்த வசனத்தைத்தான் உரக்க வாசித்துவிட்டு, பார்த்தீர்களா, பிரசங்கம் மேலே, பந்தி கீழே என்றார்.

அக்கா, கொஞ்சம் பொறுங்கள். அந்த வேலைக்கு யாரைப் போட்டார்கள்? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரை. அதில் முதல் பெயர் ஸ்தேவான். சபைக்காக முதலில் உயிரைக் கொடுத்தவர், முதலில் கரண்டி பிடிக்கத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர்கள். புரிகிறதா? குறை சொன்ன தரப்பின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள்! இதைச் செய்து முடித்த கையோடு அடுத்த வசனம்: சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று. விதவைகளின் இலையில் சோறு விழுந்ததற்கு அப்புறம்தான் இந்த வரி வருகிறது, நடுவர் ஐயா. குறித்துக்கொள்ளுங்கள்.

இது இயேசுவிடமே தொடங்கிய வழக்கம். அவருடைய எதிரிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் என்ன? போஜனப்பிரியன். ஆயக்காரருக்கும், அதாவது வரி வசூலிப்பவர்களுக்கும், பாவிகளுக்கும் சிநேகிதன். மலைப் பிரசங்கம் செய்தார் என்று யாரும் அவர்மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் அவர்களுக்கு உறுத்தியது. எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் இரண்டு சீஷருக்கு வழிநெடுக வேதவாக்கியங்களை விளக்குகிறார். அவர்கள் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் யார் என்று தெரிந்தது எப்போது? பந்தியில் உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது.

ஊர் ஊராகப் போய்ச் சபைகளை நிறுவிய பவுலை விட்டுவிடுவீர்களா என்று எதிரணியில் ஒருவர் சவால் விட்டார். விடவே மாட்டேன், அவர்தான் என் முக்கிய சாட்சி. பவுல் பேச்சு எப்படியாம்? கொரிந்துவில் சிலர், ‘அவருடைய நிருபங்கள் கனமானவை, ஆனால் நேரில் வந்தால் ஆளும் பலவீனம், பேச்சும் அற்பம்’ என்றார்கள். இதை எழுதி வைத்ததே பவுல்தான். அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் அருமையாகப் பேசினார், கிரேக்கக் கவிஞரையே மேற்கோள் காட்டினார். விளைவு? சிலர் சிரித்தார்கள், சிலர் ‘அப்புறம் கேட்கிறோம்’ என்றார்கள். ‘அப்புறம் கேட்கிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று காணிக்கை ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனவர்களுக்குத் தெரியும்.

அதே பவுல் கடுங்கோபம் கொண்ட இடம் அந்தியோகியா. சீஷர்களுக்கு முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் வந்த ஊர். அங்கே பேதுரு யூதர் அல்லாதவர்களோடு கலந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும், யார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, மெல்ல விலகிக்கொண்டார். தலைவர் விலகினால் கூட இருப்பவர்கள்? பர்னபாகூட எழுந்துவிட்டார். பவுல் விட்டாரா? எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். மனுஷன் விசுவாசத்தினாலே நீதிமானாகிறான் என்று இன்றைக்கு நாம் பெரிய உபதேசமாகச் சொல்கிறோமே, கலாத்தியருக்கு அவர் எழுதிய நிருபத்தில் அது இந்தச் சாப்பாட்டுத் தகராறைச் சொன்ன சூட்டோடு வருகிறது. ஒரே பந்தியில் உட்காரலாமா, கூடாதா என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது, ஐயா, அந்த உபதேசம். பந்தியிலிருந்து ஒருவர் எழுந்து போவது என்றால் என்னவென்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

கொரிந்துவுக்கு வருகிறேன். கோயில் கட்டிடம் கிடையாது, வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் கூடுவார்கள். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒன்பது பேர் சாய்ந்திருக்க இடம் இருக்கும். மற்றவர்கள் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும். வசதியானவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டுக் குடித்துவிடுவார்கள். எஜமான் வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற அடிமை எத்தனை மணிக்கு வருவான்? கடைசிப் பந்திக்குப் போனவர்களைக் கேளுங்கள், ரசமும் அப்பளத் தூளும்தான் இருக்கும். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று பவுல் எழுதுகிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். தீர்வாக அவர் எழுதியது ஒரே வரி: சாப்பிடக் கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். எஜமான் அடிமைக்காகக் காத்திருப்பதா! ரோம சாம்ராஜ்யத்தில் அப்படி ஒரு வீட்டை எங்கே போய்த் தேடுவது?

எங்கள் சாட்சி எல்லாம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது என்பீர்கள். வெளியே போவோம். சுமார் 112-ஆம் ஆண்டு. கருங்கடல் ஓரம், பித்தினியா மாகாணம். ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜானுக்குக் கடிதம் எழுதுகிறார். கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வந்தவர்களை விசாரித்தேன், ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடியும் கூடிச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடுவது சாதாரண, தீங்கில்லாத உணவுதான் என்கிறார். ஒரு ஆளுநர் மெனுவையா விசாரிப்பார்? விசாரித்தார். இவர்கள் மனித மாமிசம் தின்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் ஊர் பேசியது அப்படி. உண்மையைக் கறக்க இரண்டு பேரைச் சித்திரவதை செய்தேன் என்றும் எழுதுகிறார். இருவரும் அடிமைப் பெண்கள். சபையில் அவர்களுக்கு ஊழியக்காரிகள் என்று பட்டம். ஊரில் விலைக்கு வாங்கப்பட்ட பொருள், சபையில் பொறுப்பாளர். அவர்கள் பெயரைக்கூட பிளினி எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் எதிரணி அண்ணன் ஒரு குத்து விட்டார். ‘அப்படியானால் சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்கிறீர்களா?’ நமக்குப் பழக்கமான குத்துதான், தாத்தா காலத்திலிருந்து வாங்குகிறோம். பதில் சொல்கிறேன். சோறு மட்டும் வேண்டுமென்றால் ரோமாபுரியில் அரசாங்கமே கொடுத்தது. அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2,00,000 பேருக்கு இலவச தானியம். அந்தப் பட்டியலில் யார் இருந்தார்கள்? குடியுரிமை உள்ள ஆண்கள். அடிமைக்கு இடமில்லை, பிற தேசத்தானுக்கு இடமில்லை. நம் ரேஷன் கார்டு மாதிரிதான், பெயர் இருந்தால்தான் அரிசி. சபையின் பந்திக்கு அந்தப் பட்டியல் கிடையாது. அதோடு, அங்கே சாப்பிட்டால் பிளினி மாதிரி ஒருவர் முன்னால் நிற்க வேண்டி வரும். அரசாங்கக் கோதுமைக்கு அந்த ஆபத்து இல்லை. அப்படியும் எந்தப் பந்திக்கு வந்தார்கள்?

சுமார் 155-ல் ரோமில் ஜஸ்டின் என்ற ஞானி, எங்கள் ஆராதனை இதுதான் என்று பேரரசருக்கே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம், வாசிக்கிறோம், தலைவர் பேசுகிறார், அப்பம் பகிர்கிறோம். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். காணிக்கையில் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் எல்லோருக்கும் பங்கு. பார்சல் கட்டிக்கொடுத்த சபை, ஐயா! இன்னும் நூறு வருஷம் போகட்டும். 251-ல் ரோம ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் கணக்கே இருக்கிறது: மூப்பர்கள் 46 பேர், சபை தாங்கிய விதவைகளும் வறியவர்களும் 1,500-க்கு மேல்.

கடைசிச் சாட்சி ஒரு எதிரி. பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தைத் தழுவிய பேரரசர் கான்ஸ்டன்டைனின் தம்பி மகன். கிறிஸ்தவனாக வளர்ந்து, அதை உதறிவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டுக்கு உயிர் கொடுக்கப் பார்த்தவர். 362-ஆம் ஆண்டு வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதுகிறார். இந்த நாத்திகம் ஏன் வளர்ந்தது என்று யோசிக்க வேண்டாமா என்கிறார். நம்மைத்தான் நாத்திகர் என்கிறார், சிலை இல்லையே. அவர் சொல்லும் காரணங்கள்: அந்நியரை உபசரிப்பது, இறந்தவர்களை அக்கறையோடு அடக்கம் செய்வது, வேஷமோ நிஜமோ, அவர்கள் காட்டும் ஒழுக்கம். அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார். கேட்டதோடு நிற்கவில்லை. ஊருக்கு ஊர் சத்திரம் கட்டு, இந்தா ஆண்டுக்கு ரோம மரக்கால் கணக்கில் 30,000 மரக்கால் தானியம் என்று ஒதுக்குகிறார். அந்தக் காரணப் பட்டியலில் பிரசங்கம் எங்கே இருக்கிறது என்று எதிரணி தேடிச் சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம், ஐயா. துரோவா பட்டணம், மேல்வீடு, நிறைய விளக்குகள். பவுல் பிரசங்கம் பண்ணுகிறார். நடுராத்திரி ஆகியும் முடியவில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கம் சொக்கி மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிட்டான். செத்தே போனான் என்று தூக்கினார்கள். பவுல் இறங்கி ஓடி வந்து, அவனை அணைத்து, உயிர் இருக்கிறது, கலங்காதீர்கள் என்றார். அப்புறம் மேலே ஏறிப்போய் என்ன செய்தார்? முதல் வேலையாக அப்பம் பிட்டுச் சாப்பிட்டார். நீண்ட பிரசங்கம் ஆளைக் கீழே தள்ளும் என்பதற்கு வேதாகமமே ஆதாரம் என்று நான் சொன்னால் எதிரணி கோபிக்கும், சொல்லவில்லை. ஆனால் அதோ, அந்த வடக்கு ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கிற தம்பி பத்து நிமிஷமாகக் கொட்டாவி விடுகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் அவன் சட்டையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் உட்காருகிறேன்.