கேட்டப்ப கொடுத்த மெமரி, தொட்டப்ப இல்லை: மைஎஸ்கியூஎல் ஏன் சாகுது?

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டுருக்காப்ல. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் மெஷினைப் பார்த்துக்கிறாப்ல. லினக்ஸ், 4 ஜிபி ராம், ஸ்வாப் (ராம் பத்தலைன்னா டிஸ்க்குல ஒதுக்கி வைக்கிற இடம்) கிடையாது. டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். அது டேட்டாவை ராம்ல வச்சுக்கிற பஃபர் பூலுக்கு 2 ஜிபி கொடுத்திருக்காப்ல. சாயங்காலம் ஜாவால எழுதின ஸ்டாக் ரிப்போர்ட்டை ஓட்டுனா மெஷின் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுருது, டிஸ்க் லைட்டு அணையாம எரியுது, அப்புறம் மைஎஸ்கியூஎல் செத்துருது. எரர் லாக்ல ஒரு வரி கூட இல்லை. "அண்ணே, மெமரியைத் தின்னது ரிப்போர்ட்டு. அதை விட்டுட்டு டேட்டாபேஸை ஏன் கொல்லுது?"

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. லாக்ல ஏன் ஒண்ணும் இல்லைன்னு மொதல்ல பார்த்துருவோம். மெமரி தீர்ந்தா கொல்றது லினக்ஸோட மையமான கெர்னல். அது அனுப்புறது சிக்னல் 9, சிக்-கில். அதை எந்த ப்ரோக்ராமும் தடுக்க முடியாது, கடைசி வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்காது. அதனால மைஎஸ்கியூஎல் லாக்ல தேடாதீங்க, கெர்னலோட லாக்கைக் காட்டுற டி-மெசேஜ் (dmesg) கமாண்டைப் போடுங்க. "அவுட் ஆஃப் மெமரி: கில்டு ப்ராசஸ்"னு ஒரு வரி இருக்கும். அதே வரியில ரெண்டு நம்பரைப் பாருங்க: டோட்டல்-விஎம், அனான்-ஆர்எஸ்எஸ். முதல் நம்பர் எப்பவும் பெருசா இருக்கும். அது கேட்டு வாங்கின கணக்கு. ரெண்டாவதுதான் நெசமா தொட்டு எழுதி, இப்ப ராம்ல உட்கார்ந்திருக்கிறது.

நம்ம பழைய வீடியோக்களைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை, ஆனாலும் திரும்பச் சொல்றேன். ஒரு ப்ரோக்ராம் மெமரியைக் கேட்கும்போது கெர்னல் கொடுக்கிறதில்லை, தொடும்போதுதான் கொடுக்குது. மெமரி கேட்கிற ஃபங்ஷனான மாலாக் 1 ஜிபி கேட்டா முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்துரும். அந்த முகவரியில முதல் பைட்டை எழுதும்போதுதான் பேஜ்ங்கிற 4 கேபி துண்டு ஒண்ணு வரும். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை கொடுத்துட்டு, பந்தியில 250 இலை போடுறோம்ல, அந்தக் கணக்குதான். எல்லாரும் ஒரே பந்திக்கு வந்துட்டா என்ன ஆகும்? அதுதான் தம்பி கடையில சாயங்காலம் நடக்குது.

ஏன் இப்படி வாரிக் கொடுக்கணும்னு கேட்பீங்க. ஃபோர்க்தான் காரணம். ஓடுற ப்ரோக்ராம் (ப்ராசஸ்) தன்னை மாதிரியே இன்னொண்ணை உண்டாக்குறதுதான் ஃபோர்க். 2 ஜிபி ப்ராசஸ் ஒண்ணு சின்னதா ஒரு ஷெல் கமாண்டை ஓட்ட ஃபோர்க் பண்ணுது. கணக்குப்படி இன்னொரு 2 ஜிபி வேணும், ஆனா அதுல பெரும்பகுதியை அது தொடவே போறதில்லை. கறாரா இருந்தா அந்த ஃபோர்க்கே தோத்துப்போகும். ஓவர்கமிட்-மெமரிங்கிற கெர்னல் செட்டிங்கை 2னு வச்சா லினக்ஸும் கறாராயிரும். ஆனா அப்ப வரம்பு ஸ்வாப்பும் ராம்ல பாதியும்தான். ஸ்வாப் இல்லாத 4 ஜிபி மெஷின்ல 2 ஜிபிதான் வரும். மைஎஸ்கியூஎல்லே கிளம்பாது. அதைத் தொடாதீங்க.

சரி, அந்த நின்னுபோற நேரம். மெமரி குறைஞ்சா கெர்னல் உடனே யாரையும் கொல்லாது. மெமரியை மீட்கிற கே-ஸ்வாப்-டி எந்திரிச்சு பேஜ் கேஷை (டிஸ்க்குல இருந்து படிச்சு ராம்ல வச்சிருக்கிற நகலை) காலி பண்ணும், டிஸ்க்குல எழுத வேண்டியதை எழுதும். ப்ரோக்ராமோட சொந்த டேட்டாவை ஒதுக்கி வைக்க ஸ்வாப் வேணும், அது இங்க இல்லை. அப்ப மிச்சம் என்ன? ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோக்ராமோட கோடு. அது டிஸ்க்குலயும் இருக்கறதால ராம்ல இருந்து தூக்கிரும், அடுத்த நொடியே அதே கோடு வேணும்னு திரும்பப் படிக்கும். ஸ்வாப்பே இல்லாத மெஷின்ல டிஸ்க் லைட்டு எரியறதுக்கு இதுதான் காரணம். "ஸ்வாப் வச்சா ஸ்லோ ஆயிரும்"னு எடுத்துடுறவங்க இதைக் கவனிக்கணும்.

இதுக்கும் வழியில்லைன்னாதான் ஓஓஎம் கில்லர், அதாவது மெமரி தீர்ந்தா ப்ராசஸைக் கொல்ற கெர்னல் பகுதி. அது குற்றவாளியைத் தேடுறதில்லை. ராம்ல இருக்கிறது, ஸ்வாப்ல இருக்கிறது, பேஜ் டேபிள் (எந்த பேஜ் எங்க இருக்குங்கிற பட்டியல்), இந்த மூணையும் கூட்டி யாரு பெருசோ அவங்களை எடுத்துரும். ஒரே அடியில நிறைய மெமரி திரும்பணும், அதுதான் அதோட வேலை. மைஎஸ்கியூஎல் 2.3 ஜிபி, ரிப்போர்ட் 1.2 ஜிபின்னா மைஎஸ்கியூஎல்தான் போகும். கடைசியா கேட்டது யாருங்கிறது கணக்குலயே இல்லை.

இந்தக் கணக்கை மாத்த ஓஓஎம்-ஸ்கோர்-அட்ஜ்னு ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு எண் இருக்கு. மைனஸ் 1000ல இருந்து 1000 வரை. ஒவ்வொரு புள்ளியும் ராம், ஸ்வாப் சேர்ந்த மொத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. இப்ப இருக்கிற மெஷின்ல மைனஸ் 500 போட்டா சுமார் 2 ஜிபி கழியும், மைஎஸ்கியூஎல் கணக்கு 0.3க்கு இறங்கும், ரிப்போர்ட் மாட்டும். சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்-டியில மைஎஸ்கியூஎல் சர்வீஸ் ஃபைல்ல ஓஓஎம்ஸ்கோர்அட்ஜஸ்ட் மைனஸ் 500னு எழுதிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. மைனஸ் 1000 போடாதீங்க. டேட்டாபேஸே வீங்கினா அதை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் கொல்ல ஆரம்பிச்சுரும்.

ஆனா தம்பி, "யாரைக் கொல்லணும்"கிறதை விட "யாருக்கு எம்புட்டு கொடுத்திருக்கேன்"னுதான் கேட்டுருக்கணும். 4 ஜிபியில பஃபர் பூலுக்கே பாதியைக் கொடுத்தாச்சு. அதுக்கு மேல ஒவ்வொரு கனெக்ஷனும் சார்ட் பஃபர், ஜாயின் பஃபர்னு தனியா வாங்கும். கனெக்ஷன் வரம்பு டீஃபால்ட்டா 151, ஒரு கடைக்கு அம்புட்டு எதுக்கு? 30 போதும். பஃபர் பூலை 1 ஜிபி ஆக்குங்க. 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் உண்டாக்கி, சி-மோட் 600, எம்கே-ஸ்வாப், ஸ்வாப்-ஆன், எஃப்எஸ்-டேப்ல ஒரு வரி. ரிப்போர்ட்டை சிஸ்டம்-டி ரன்ல மெமரிமேக்ஸ் 1.5 ஜிபின்னு போட்டு ஓட்டுங்க. அப்ப வரம்பு மீறி, ஸ்வாப்பும் பத்தாமப் போனா அந்த வட்டத்துக்குள்ளயே ரிப்போர்ட் மட்டும் சாகும், பில்லிங் ஓடிக்கிட்டே இருக்கும்.

எல்லாம் முடிச்சுட்டு ரிப்போர்ட் ஓடும்போது ஃப்ரீ கமாண்ட்ல "அவைலபிள்"ங்கிற கட்டத்தைப் பாருங்க, "ஃப்ரீ"ங்கிற கட்டம் கேஷைச் சேர்க்காது. கூடவே ப்ராக் ஃபோல்டர்ல ப்ரெஷர், அதுக்குள்ள மெமரி ஃபைல். "ஃபுல்" வரியில ஏவிஜி10, அதாவது கடைசி பத்து நொடியில எல்லா வேலையும் மெமரிக்காக நின்ன நேரத்தோட சதவீதம், பூஜ்யத்துக்குப் பக்கத்துல நின்னா இந்த 4 ஜிபியே போதும். அது ரெட்டை இலக்கத்துக்கு ஏறி நின்னா மட்டும் ராம் வாங்குங்க.