ஈறில் ரத்தம் வந்தால் சுகர் டாக்டரிடமும் சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. வேலூர்க் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. கையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது பாருங்கள், அதை வைத்துத்தான் பேச்சு.

எங்கள் நைனாவுக்குப் பதினோரு வருடமாகச் சுகர். காலையில் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் சிவந்துவிடும். கேட்டால், "பிரஷ் போட்டுக்கினா ரத்தம் வரத்தாண்டா செய்யும்" என்பார். ரத்தம் வருகிற பக்கம் பிரஷ்ஷே படாமல் தேய்க்கவும் பழகிவிட்டார். தேய்க்காத இடத்தில் இன்னும் அழுக்கு சேர்ந்தது, இன்னும் ரத்தம் வந்தது. இதற்கிடையில் சுகர் மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. கண்ணைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள், கிட்னியைப் பார்த்தார்கள். வாயை யாரும் பார்க்கவில்லை. நாங்களும் வாய் திறந்து சொல்லவில்லை, அது எங்கள் தப்பு.

கடைவாய்ப் பல் ஒன்று ஆடிய பிறகுதான் பல் டாக்டரிடம் போனோம். அவர் மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. நைனாவுக்குச் சில இடங்களில் 6, 7. அடியில் அழுக்கு கெட்டியாகிக் காரை கட்டி, ஈறு பல்லை விட்டுப் பிரிந்து, பை மாதிரி ஆகியிருக்கிறது. அந்தப் பைக்குள் எல்லாம் புண்.

இப்போது தீப்பெட்டி. ஈறு நோய் முற்றிய வாயில் இந்தப் புண்களை எல்லாம் விரித்துப் போட்டால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய இந்தப் பெட்டியின் மேல்பக்கம். சுகர்காரர் காலில் இவ்வளவு பெரிய புண் இருந்தால் ஒரு நாள் சும்மா இருப்போமா?

அந்தப் புண் வழியாகக் கிருமியும், உடம்பு அதோடு சண்டை போடும்போது சுரக்கிற அழற்சிப் பொருள்களும் ரத்தத்தில் கலக்கின்றன. அழற்சி ஓயாமல் இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சுகர் ஏறும். ஏறிய சுகர் ஈறை ஆறவிடாது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும்.

ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று 2022இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சின்ன எண் மாதிரி தெரியும், ஆனால் ஒரு மாத்திரை கூட்டுவதைத் தள்ளிப்போட அது போதலாம். நைனாவுக்கு 9.1இலிருந்து 8.6. எல்லாம் ஈறு செய்த வேலை என்று சொல்ல மாட்டேன், மாம்பழ சீசனும் முடிந்திருந்தது.

இதயத்துக்கு வருவோம். பல் கிளீன் செய்தால் மாரடைப்பே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன, ஒன்று மற்றதைக் கொண்டுவருகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது. ஆனால் செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாய்க் கிருமி வால்வில் போய் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"கிளீன் பண்ணா பல்லு ஆடும்" என்று நைனாவும் பயந்தார். காரைதான் பல்லைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைப்பு. உண்மையில் அடியில் எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், காரையை எடுத்ததும் அது தெரியவரும்.

குடியாத்தத்துச் சித்தப்பா இதை எல்லாம் கேட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வராதுடா." வராதுதான், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. நிக்கோட்டின் ஈறின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், உள்ளே நோய் ஓடினாலும் வெளியே ரத்தம் தெரியாது. போன வாரம் முறுக்கு கடித்தபோது முன்பல் ஆடியது. அன்றிலிருந்து சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. வியாழக்கிழமை அழைத்துப்போகிறேன்.

இந்தத் தீப்பெட்டிகூட அவருடையதுதான். எங்கே வைத்தாய் என்று கேட்டு இரண்டு தடவை போன் வந்துவிட்டது.