டப்பாவின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

மருந்தாளுநராக நான் அன்றாடம் கேட்கும் கேள்வி, "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்பது. "இல்லை" என்பார்கள். சற்றுப் பொறுத்து, "சத்து மாத்திரை மட்டும் எடுக்கிறேன், அது மருந்தில்லையே" என்பார்கள். சட்டப்படி அவர்கள் சொல்வது சரிதான். பெரும்பாலான நாடுகளில் அது உணவு வகையில்தான் சேரும். ஆனால் மருந்தைப் போலவே அதையும் யாரோ சோதித்துப் பார்த்துத்தான் விற்க விட்டிருப்பார்கள் என்றும் அவர்களே நம்புகிறார்கள். என்னை உறுத்துவது இந்த நம்பிக்கைதான்.

புதிய மருந்தென்றால், அது பலன் தரும், பாதுகாப்பானது என்று தயாரிப்பவர் முதலில் நிரூபிக்க வேண்டும். அதன் பிறகுதான் விற்பனை. சத்து மாத்திரைக்கு இந்த வரிசை தலைகீழ். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, பாதுகாப்பை உறுதிசெய்யும் பொறுப்பு நிறுவனத்துடையது. விற்கும் முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. முற்றிலும் புதிய மூலப்பொருள் என்றால் மட்டும் 75 நாள் முன்பாக, அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். கடைக்கு வந்த பிறகு ஒரு பொருளை நீக்க வேண்டுமானால், அது தீங்கானது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும்.

இது எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு எஃபெட்ரா ஒன்றே போதும். உடல் எடையைக் குறைக்கும் என்று சொல்லி விற்ற மூலிகை அது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என்று 1990-களிலேயே புகார்கள் வந்தன. 1997-ல் எஃப்.டி.ஏ. கட்டுப்பாடுகளை முன்மொழிந்தது. தடை வந்தது 2004-ல். அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2006-ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. அந்த இடைவெளியில் வாங்கிச் சாப்பிட்டவர்கள், அது கடையில் இருக்கிறதே என்ற ஒரே தைரியத்தில்தான் சாப்பிட்டார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

அதற்காக, கேட்பாரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தயாரிப்புத் தரத்துக்கு அங்கே 2007 முதல் தனி விதிகள் உள்ளன. பொய் விளம்பரத்துக்கு நடவடிக்கை உண்டு. இந்தியாவில் 2016-ல் வந்த விதிகள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று டப்பாவில் அச்சிடச் சொல்கின்றன. பலரும் படிக்காமல் விடும் வரி அது. உரிம எண்ணைக் கண்டு, "அரசே ஒப்புக்கொண்ட மாத்திரை" என்று சொல்பவர்களும் உண்டு. தயாரிப்பவர் உரிமம் பெற்றவர் என்பதைத்தான் அந்த எண் காட்டும். மாத்திரை பலன் தருமா என்பதற்கு அது சாட்சியல்ல.

டப்பாவின் வாசகங்களையும் கவனியுங்கள். 'எலும்பின் வலுவுக்கு உதவும்' என்று எழுதலாம். 'எலும்புத் தேய்மானத்தைக் குணமாக்கும்' என்று எழுதக் கூடாது. வீட்டில் நாம் வாசிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன.

கடைசியாக ஒன்று. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். அளவு கூடினால் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளை அது மாற்றிக் காட்டும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியக்கூடும் என்று 2017-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. ஆகவே அடுத்த முறை மருத்துவரிடமோ பரிசோதனைக் கூடத்துக்கோ போகும்போது, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.